அறிமுகமே முதல்: விளம்பரம் சேகரித்து வாழ்வைத் தொடங்கிய எஸ்.எஸ். வாசன்

நம் குடும்பங்களில் பல, ஒன்றிரண்டு தலைமுறைகளுக்கு முன்வரை வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நிலத்தை நம்பி வாழ்ந்தவை. நெல்லும் மணிலாவும் விளைவித்தோம். விளைந்ததை வாங்க வணிகர் நம் களத்துமேட்டுக்கே வந்தனர். முன்பின் அறியாதவரின் வாசலில் நின்று, என்னிடம் இப்பொருள் உள்ளது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு மிகக் குறைவு.

இன்றோ நிலை வேறு. திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் ஆகிய ஊர்களெல்லாம் 2021ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டன. இப்பகுதிகளில் குடியேறியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுள் விற்பனைப் பிரதிநிதிகளாகப் பணிபுரிவோர் பலர். காப்பீடு, மருந்து, வங்கிக் கடன், வீட்டுமனை என்று அவர்கள் விற்கும் பொருள் எதுவாயினும் கவலை ஒன்றே. இம்மாதம் புதிய வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று மேலாளர் கேட்பார். அடுத்த மாதமும் அதே கேள்வி வரும். உறவினரிடமும் நண்பரிடமும் ஒருமுறை கேட்டு முடித்த பிறகு, இனி யாரிடம் செல்வது என்று அப்பிள்ளை திகைத்து நிற்கிறான். வீட்டிலுள்ள பெரியவர்களும் இதனை மதிப்பான தொழிலாகக் கருதுவதில்லை. வரன் பேசும் இடத்தில் பிள்ளையின் வேலையைச் சொல்லத் தயங்கும் பெற்றோரும் இருக்கின்றனர்.

அத்தகைய பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. ஆனந்த விகடன் அதிபர், ஜெமினி ஸ்டூடியோ முதலாளி, சந்திரலேகா எடுத்தவர் என்று எஸ்.எஸ். வாசனை நாம் எல்லோரும் அறிவோம். அவர் தம் வாழ்வைத் தொடங்கியது பிறருக்காக விளம்பரம் சேகரிக்கும் ஏஜெண்டாகத்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டோம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து சென்னைக்கு

இன்று திருவாரூர் மாவட்டத்திலும் அன்று தஞ்சை மாவட்டத்திலும் அடங்கிய திருத்துறைப்பூண்டியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பிறந்தவர் வாசன். பெற்றோர் இட்ட பெயர் சீனிவாசன். தந்தையார் சுப்பிரமணியம், மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே காலமானார். தாயார் வாலாம்பாள்தான் அவரை ஆளாக்கினார். தாயும் மகனும் சென்னைக்கு வந்தனர். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த மகன் பட்டம் பெறும்வரை படிப்பைத் தொடரவில்லை. பெரிய பட்டமும் இல்லை. பின்னால் நின்று தாங்கும் தந்தையும் இல்லை. முதலீடு செய்யப் பணமும் இல்லை. அந்நாளில் இத்தகைய இளைஞன் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை தேடுவதே வழக்கம். வாசனோ விளம்பரத் தொழிலைத் தேர்ந்துகொண்டார்.

அத்தொழில் அக்காலத்தில் எவ்வாறு நடந்தது என்பதை இளைய வாசகர் அறிந்துகொள்வது நல்லது. பத்திரிகை ஒன்று தன் பக்கங்களில் விளம்பரத்துக்கென்று இடம் ஒதுக்கும். அவ்விடத்தை வணிகரிடம் எடுத்துச் சொல்லி விற்றுக்கொடுப்பவர் ஏஜெண்டு. விளம்பரம் அச்சாகிப் பணம் வசூலான பின்னரே அவருக்குக் கமிஷன் கிடைக்கும். சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சான இதழைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் வணிகர் பணம் தருவார். அடுத்த மாதமும் அவர் விளம்பரம் தரவேண்டுமானால், சென்ற மாத விளம்பரத்தால் அவருக்குச் சிறிதேனும் பயன் விளைந்திருக்க வேண்டும். ஆகவே இத்தொழிலில் ஒருவரை ஒருமுறை ஏமாற்றலாம். இரண்டாம் முறை அவர் கடைப்படி ஏற இயலாது.

இதில் ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. விளம்பர ஏஜெண்டு விற்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். எடைபோட்டுக் காட்ட முடியாது. தொட்டுப் பார்க்கச் சொல்லவும் முடியாது. வாங்குபவர் நம்புவது விற்பவரின் சொல்லை மட்டுமே. பொருளை விற்பதற்கு முன்பு தன்னைப் பற்றிய நம்பிக்கையை அவர் உண்டாக்கியாக வேண்டும். இன்று காப்பீடு விற்கும் பிள்ளையின் நிலையும் இதுவேயன்றோ!

தபால்காரர் கொண்டுவந்த வாடிக்கையாளர்

விளம்பரத் தொழிலோடு தபால்வழி வாணிகத்தையும் வாசன் நடத்தினார். வி.பி.பி. என்னும் ஏற்பாட்டை இந்தியத் தபால் துறை 1877ஆம் ஆண்டில் தொடங்கியது. வெளியூரில் இருப்பவர் ஒரு கார்டு எழுதிப் போட்டால் பொருள் தபாலில் வரும். பணத்தைத் தபால்காரரிடம் செலுத்திப் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம். கடைத்தெரு இல்லாத சிற்றூர்களுக்கு இது பெரும் வசதியாக அமைந்தது. சென்னையிலிருந்து மருந்துகள், நாவல்கள், வீட்டு உபயோகப் பொருள்கள் முதலியன இவ்வாறே நாட்டுப்புறங்களுக்குச் சென்றன.

விற்பவருக்கோ இதில் அபாயம் மிகுதி. அனுப்பிய பொருள் பிடிக்காமல் வாங்க மறுத்தால், இருவழித் தபால் செலவும் அவர் தலையில்தான் விழும். ஆகையால் விளம்பரத்தில் சொன்னதற்கும் பொட்டலத்தில் இருப்பதற்கும் வேறுபாடு இருத்தல் கூடாது. ஒருமுறை திருப்தியடைந்தவரின் முகவரியைப் பேணி வைத்து, மறுபடி அவருக்கு விலைப்பட்டியல் அனுப்புவதே இத்தொழிலின் உயிர்நாடி. அவர் வழியாக அவ்வூரில் வேறு நால்வருக்குச் செய்தி பரவும். முகம் பாராமலே அறிமுகம் வளரும்.

புதியவரை அடையும் வழியை அக்காலச் சென்னையில் வேறு சிலரும் நன்கு கண்டிருந்தனர். அமிர்தாஞ்சனம் தைலத்தை 1893ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்குக் கொண்டுவந்த நாகேசுவரராவ் பந்துலு, சங்கீதக் கச்சேரிகளில் அதனை இலவசமாக வழங்கி மக்களுக்குப் பழக்கினார். முதலில் கொடுத்தார், கேட்டது பிறகுதான். வாசன் தொழில் கற்ற காலத்தின் சூழல் இத்தகையது.

வராத இதழும் வந்த வாய்ப்பும்

1926ஆம் ஆண்டில் பூதூர் வைத்தியநாதையர் ஆனந்த விகடன் என்னும் நகைச்சுவை மாத இதழைத் தொடங்கினார். வாசன் அதனோடு விளம்பரத் தொடர்பு கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் இதழ் குறித்த காலத்தில் வெளிவரவில்லை. வேறோர் ஏஜெண்டாக இருந்தால், இந்த இதழ் போனால் இன்னோர் இதழ் என்று விட்டிருப்பார். வாசன் அதன் காரணத்தை விசாரிக்கச் சென்றார். பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தப் பணவசதி இல்லாமல் ஆசிரியர் வருந்தும் நிலையை அறிந்தார். அதனைத் தாமே வாங்கிக்கொள்ள முன்வந்தார். 1928ஆம் ஆண்டில் 200 ரூபாய்க்கு ஆனந்த விகடன் கைமாறியது. அப்பெயரிலுள்ள எட்டு எழுத்துகளுக்கு, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் விலை பேசப்பட்டது என்று சுவைபடச் சொல்வதுண்டு.

இந்நிகழ்ச்சியை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடலாகாது. தம் மூலம் நடந்த காரியம் முடிந்ததா என்று பார்க்கப் போனவருக்கே அவ்வாய்ப்புக் கிடைத்தது. விற்பனை முடிந்ததும் வாடிக்கையாளரை மறந்துவிடுவோர் பலர். விற்ற பிறகும் தொடர்ந்து விசாரிப்பவர் சிலரே. அந்தச் சிலருக்குத்தான் புதிய கதவுகள் திறக்கின்றன.

பத்திரிகை கைக்கு வந்த பிறகு வாசன் தம் பழைய தொழிலறிவு முழுவதையும் அதற்குப் பயன்படுத்தினார். விளம்பரம் தருபவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வாசகர் மிகுந்தால்தான் விளம்பரம் மிகும். வாசகர் மிகவேண்டுமானால், அதுவரை பத்திரிகையே வாங்காத குடும்பங்களை அடைய வேண்டும். பண்டிதர்க்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள பெண்மணிகளுக்கும் இளைஞர்க்கும் பிடிக்குமாறு சிரிப்பும் கதையும் சித்திரமும் கலந்து கொடுத்தார். பரிசுப் போட்டிகளை வைத்தார். நாளடைவில் மாத இதழ் வார இதழாயிற்று.

திறமை இருந்த இடம் தேடி

வாடிக்கையாளரைத் தேடுபவர் அவர்களுக்குக் கொடுப்பதற்கு நல்ல சரக்கையும் தேடவேண்டும். திரு.வி.க.வின் நவசக்தியில் பணியாற்றியிருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இளைஞரின் நகைச்சுவை எழுத்து வாசனைக் கவர்ந்தது. அவர் கட்டுரைகளைப் பெற்று வெளியிட்டார். 1930களின் தொடக்கத்தில் அவரே விகடனின் ஆசிரியப் பொறுப்பில் வந்தமர்ந்தார். அவர்தான் கல்கி. தேவன் என்னும் பெயரில் எழுதிய மகாதேவன் இளவயதிலேயே விகடனில் சேர்ந்து பின்னர் அதன் ஆசிரியரானார். ஓவியர் மாலியின் கேலிச் சித்திரங்கள் தமிழருக்குப் புதிய சுவையைத் தந்தன. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்னும் புனைபெயரில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் விகடனில் தொடராக வந்ததை நம் பாட்டிமார் நன்கு அறிவர்.

கல்கி 1940களின் தொடக்கத்தில் விகடனை விட்டு விலகி, 1941ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். விகடனின் பெருந்தூண் ஒன்று சாய்ந்தது போன்ற நிலை. எனினும் விகடன் வீழவில்லை. ஒருவரை மட்டும் நம்பியிராமல் பலரையும் முன்னரே கண்டறிந்து அருகில் வைத்திருந்த பழக்கம் அப்போது கைகொடுத்தது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பித் தொழில் செய்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அறிமுகத்தால் விரிந்த சந்தை

விகடனில் வாசன் எழுதிய சதி லீலாவதி கதை 1936ஆம் ஆண்டில் திரைப்படமாயிற்று. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியது அப்படத்தில்தான். அவ்வழியே திரையுலகத்தாருடன் வாசனுக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஆயினும் உடனே படம் எடுக்க அவர் துணியவில்லை. முதலில் பிறர் எடுத்த படங்களை வாங்கி வெளியிடும் விநியோகத் தொழிலில் இறங்கினார். கே. சுப்பிரமணியம் எடுத்து 1939ஆம் ஆண்டில் வந்த தியாகபூமி அவர் விநியோகித்த படங்களுள் ஒன்று. கல்கியின் அக்கதை, படக்காட்சிகளின் புகைப்படங்களோடு விகடனில் தொடராக வந்தது. படம் பார்த்தவர் பத்திரிகையைத் தேடினர். பத்திரிகை படித்தவர் படத்துக்குச் சென்றனர். ஓரிடத்து வாடிக்கையாளரை மற்றோரிடத்துக்கு அழைத்துச் செல்லும் வித்தையை இதனினும் தெளிவாகக் காட்ட முடியாது.

கே. சுப்பிரமணியம் தொடர்புடைய ஸ்டூடியோ ஒன்று தீவிபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்தபோது, ஏறத்தாழ 86,000 ரூபாய்க்கு வாசன் அதனை எடுத்தார். மவுண்ட் ரோட்டில் இருந்த அவ்விடமே ஜெமினி ஸ்டூடியோவாயிற்று. நந்தனார், மங்கம்மா சபதம் போன்ற படங்கள் அங்கிருந்து வந்தன.

பிறகு சந்திரலேகா வந்தது. அப்படம் முடிவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. செலவு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய் என்பர். அந்நாளில் இது நம்ப முடியாத தொகை. 1948ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த தமிழ்ப் படத்தை மக்கள் பெருமளவில் பார்த்தனர். ஆயினும் தமிழ்நாட்டு வசூல் மட்டும் அச்செலவை ஈடுகட்டப் போதவில்லை. கடன் சுமை கழுத்தை நெரித்தது. இருபது ஆண்டு உழைப்பும் ஒரே படத்தில் கரைந்துவிடும் போலிருந்தது.

வாசன் அப்போது செய்தது, தாம் இளமையில் கற்ற பாடத்தைத் திரும்பச் செய்ததேயாகும். பழைய வாடிக்கையாளரிடமே மேலும் கேட்டு நிற்காமல், புதிய வாடிக்கையாளர் இருக்கும் இடத்தைத் தேடினார். அதே படத்தை இந்தியில் ஆக்கி வடநாட்டுக்குக் கொண்டுசென்றார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. தென்னாட்டுப் படத்துக்குச் சந்தையும் இல்லை. தாராசந்த் பர்ஜாத்யா என்பவர் அப்போது துணை நின்றார். இராஜஸ்தானத்தில் சமண வணிகக் குடும்பத்தில் தோன்றிய அவர், 1933ஆம் ஆண்டில் திரைப்பட விநியோக நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்து, படிப்படியாகத் தொழில் பழகியவர். தென்னாட்டுத் தயாரிப்பாளர்களிடம் நாணயத்தால் நற்பெயர் ஈட்டியிருந்தவர். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ராஜஸ்ரீ நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இந்தி சந்திரலேகா அந்நிறுவனத்துக்கும் பெருவாழ்வு தந்தது. தெற்கே ஒருவரும் வடக்கே ஒருவரும் நம்பிக்கையை முதலாக இட்டதால் இருவரும் உயர்ந்தனர்.

அதோடு வாசன் தம் பழைய கருவியாகிய விளம்பரத்தையும் எடுத்தார். நாடெங்கும் பத்திரிகைகளிலும் சுவர்களிலும் தென்னிந்தியப் படம் எதற்கும் அதுவரை செய்யாத அளவு விளம்பரம் செய்யப்பட்டது. படத்தின் பிரதிகள் 600க்கும் மேற்பட்டவை எடுக்கப்பட்டன. முரசுகளின்மீது நடனமாடும் காட்சியைக் காண வடநாட்டு மக்கள் திரண்டனர். ஊதுகொம்பு ஏந்திய இரட்டைக் குழந்தைகளின் ஜெமினி முத்திரையை அதன்பின் இந்தியா முழுவதும் அறிந்தது. தென்னாட்டுப் படங்களுக்கு வடநாட்டு வாயில் திறந்தது.

நிறையும் குறையும்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. வாசனுக்குக் குதிரைப் பந்தயத்தில் ஈடுபாடு மிகுதி. விகடனில் அவர் நடத்திய பரிசுப் போட்டிகள் உழைக்காமல் பணம் பெறும் ஆசையை வளர்க்கக்கூடியவை என்று கருதுவோரும் உண்டு. புதிய வாசகரைப் பிடிக்க அவை உதவியிருக்கலாம். ஆனால் அவ்வழியை நம் பிள்ளைகளுக்கு நாம் பரிந்துரைப்பதற்கில்லை. வந்தவரை நிலைநிறுத்தியது கல்கியின் எழுத்தும் மாலியின் சித்திரமுமேயன்றிப் பரிசுத்தொகை அன்று. போட்டிகள் மறைந்தன, பத்திரிகை நின்றது.

பின்னாளில் அவர் ஔவையார் முதலிய படங்களை எடுத்தார். 1964ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் காலமானார். ஜெமினி ஸ்டூடியோ பின்னர் மறைந்துவிட்டது. எனினும் 1973ஆம் ஆண்டில் அதன் அருகே திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தை மக்கள் இன்றும் ஜெமினி பாலம் என்றே அழைக்கின்றனர். 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. தபாலை நம்பி வாணிகம் செய்த ஒருவருக்கு அது பொருத்தமான சிறப்பேயாம்.

நம் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதிகளுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. குழந்தைக்குப் பழக்கமான மாங்காயையும் புளியங்கொட்டையையும் வைத்துத்தான் அறியாத கணக்கைச் சொல்லித்தர வேண்டும். வாசனின் வாழ்க்கையைப் பார்க்கும்போது விற்பனைக்கும் இதே விதி பொருந்துவது தெரிகிறது. விளம்பரம் அறிமுகப்படுத்தியது பத்திரிகையை. பத்திரிகை அறிமுகப்படுத்தியது திரையுலகை. விநியோகம் கற்றுத்தந்தது படத்தயாரிப்பை. படம் காட்டியது வடநாட்டை. எந்தப் படியிலும் அவர் முற்றிலும் அறியாத இடத்துக்குத் தாவவில்லை. தெரிந்தவர் ஒருவரின் கையைப் பற்றியே தெரியாத இடத்துக்குச் சென்றார்.

பல்லாவரம் நிலையத்தில் நாள்தோறும் மின்சார இரயில் ஏறும் பிள்ளைக்கும் இது இயலாத காரியம் அன்று. புதியவர் பத்துப் பேரைத் தேடி அலைவதற்கு முன், சென்ற ஆண்டு வாங்கியவர் ஒருவரைப் போய்ப் பார்க்கட்டும். விற்பதற்காக அன்று, வாங்கியது பயன்படுகிறதா, குறை ஏதேனும் உண்டா என்று விசாரிப்பதற்காக. குறை இருந்தால் தன் அலுவலகத்தில் சொல்லித் தீர்த்து வைக்கட்டும். பேரும் முகவரியும் தேதியும் எழுதிய ஒரு குறிப்பேட்டைப் பேணட்டும். அந்த ஒருவர் தாமாகவே இன்னொருவரிடம் அழைத்துச் செல்வார். அவ்வாறு செல்பவன் கையேந்தி நிற்பவன் அல்லன். ஒருவர் நற்சான்று கொடுத்து அனுப்பிய விருந்தாளி.

உறவினரையும் நம் சங்கத்து நண்பர்களையும் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. அவர்களிடம் அன்பின் பேரால் ஒருமுறை விற்றுவிட முடியும். அவர்களுக்குத் தேவையில்லாததை விற்றால், உறவும் போகும். அவர்கள் வழியாக வரவேண்டிய அறிமுகமும் போகும். பொருளின் குறையையும் சேர்த்துச் சொல்லி விற்பவனைத்தான் மறுமுறையும் வீட்டுக்குள் அழைப்பர். இல்லறத்தார்க்கு வாய்மையை அணுவிரதமாக விதித்த நம் பெரியோர், வாணிகம் செய்வோரையும் எண்ணியே அதனை விதித்தனர் என்பதை மறவாதிருப்போம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் மகனோ மகளோ விற்பனைத் தொழிலில் இருப்பதைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. இல்லை என்ற சொல்லை நாளெல்லாம் கேட்டுவிட்டு, மறுநாள் காலை முகமலர்ச்சியோடு புறப்படுவதற்கு எத்தனை மனவுறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். மாலையில் அப்பிள்ளை வீடு திரும்பும்போது எத்தனை விற்றாய் என்று கேளாமல், இன்று யாரைப் புதிதாக அறிந்துகொண்டாய் என்று கேளுங்கள். கமிஷனை நம்பி வாழ்ந்த ஓர் ஏஜெண்டு இந்தியாவே அறிந்த மனிதராக உயர்ந்தது, அந்தக் கேள்விக்கு நாள்தோறும் ஒரு விடை தேடியதனால்தான்.